மாதச் சம்பளத்தில் வருஷச் செலவு: குடும்பக் கணக்கைக் கையில் எடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஜூன் பிறந்தால் அடகுக்கடைகளில் கூட்டம் கூடும். பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டும். ஜூனில் பள்ளி திறக்கும் என்பது ஜனவரியிலேயே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஐப்பசியில் தீபாவளி வரும் என்பதும் தெரியும். இப்படித் தெரிந்தே வருகிற செலவுக்குத்தான் வீடுகள் கடன் வாங்குவதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

வெளியில் டீ குடிக்காதே, ஹோட்டலுக்குப் போகாதே என்கிற அறிவுரைகளில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. மாதச் செலவில் நூல் பிடித்தாற்போலச் சிக்கனமாக இருக்கிற வீடுகளே வருஷச் செலவில் தடுமாறி விழுகின்றன. அதனால் இந்த வழிகாட்டி மாத பட்ஜெட்டை விட்டு, வருஷக் கணக்கை மையமாக வைத்துப் போகிறது. மாதம் 25,000 முதல் 60,000 ரூபாய் வரை கைக்கு வருகிற, தமிழ்நாட்டில் வாழும் குடும்பத்தை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

முதல் படி: இரண்டு மாதம் எழுதுங்கள்

நம் வீடுகளில் மொய் நோட்டு இருக்கிறது. இருபது வருஷத்துக்கு முன் நடந்த காதுகுத்துக்கு யார் எவ்வளவு செய்தார்கள் என்பது பெயர், ஊர், தொகையோடு அதில் இருக்கும். நமக்குக் கணக்கு எழுதும் பழக்கம் இல்லை என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த ஒழுங்கு வீட்டுச் செலவுக்கும் வந்தால் போதும்.

ஒரு மாதம் எழுதினால் போதாது, இரண்டு மாதம் வேண்டும். கரண்ட் பில் நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் வருகிறது. ஒரே மாதம் எழுதினால் அது முழுசாக விழும், இல்லாவிட்டால் முழுசாக விடுபடும். ஜிபே, போன்பேயில் கொடுத்ததை வங்கிக் கணக்கு அறிக்கையிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ரொக்கமாகக் கொடுத்ததை மட்டும் அன்றன்றே குறித்துவிடுங்கள். தலைப்புகள் அதிகம் வேண்டாம். வாடகை, மளிகை, பால், காய்கறி, கேஸ், பிள்ளைகள், பெட்ரோல், பஸ், கடன் தவணைகள், மற்றவை. இவ்வளவுதான். பத்துத் தலைப்புக்கு மேல் போட்டவர்கள் இரண்டாவது வாரமே நோட்டை மூடிவிடுகிறார்கள்.

கணவனும் மனைவியும் சேர்ந்து எழுத வேண்டும். ஒருவர் சம்பாதித்து, இன்னொருவர் செலவழித்து, இருவருக்கும் மொத்தக் கணக்கு தெரியாத வீடுகள் நிறைய. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: மனைவியின் சிறுவாட்டுப் பணத்தை வெளியே எடுத்துக் காட்டச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். அது அவருக்கு இருக்கிற பாதுகாப்பு. 2023 செப்டம்பரிலிருந்து தகுதியுள்ள பெண்களின் கணக்குக்கு மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை வருகிறது. முடிந்தவரை அதையும் அவர் பெயரிலேயே விட்டுவைக்கலாம் என்பது என் கருத்து.

இரண்டாம் படி: வருஷப் பட்டியல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு வேலையைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். ஒரு தாளில் ஜனவரி முதல் டிசம்பர் வரை எழுதி, ஒவ்வொரு மாதத்துக்கு எதிரேயும் அந்த மாதம் மட்டும் வருகிற செலவுகளைப் போடுங்கள்.

ஓர் உதாரணம். கணவருக்குக் கையில் 32,000 சம்பளம், மனைவிக்கு வீட்டிலிருந்தே தையலில் சராசரியாக 8,000. இரண்டு பிள்ளைகள். அவர்களின் வருஷப் பட்டியல் இப்படி இருக்கலாம்:

- பள்ளிக் கட்டணம், புத்தகம், சீருடை: 45,000
- தீபாவளித் துணி, பலகாரம், பட்டாசு: 20,000
- பொங்கல், பொங்கல் சீர்: 8,000
- குலதெய்வக் கோயில், ஊருக்குப் போய்வருவது: 10,000
- மொய், சீர், செய்முறை: 24,000
- வண்டி இன்சூரன்ஸ், சர்வீஸ், டயர்: 9,000
- வீட்டு வரி, தண்ணீர் வரி: 4,000
- காப்பீட்டு பிரீமியம்: 24,000
- டாக்டர், மருந்து, கண்ணாடி: 12,000
- மிக்ஸி, மோட்டார், குழாய் பழுது: 6,000

மொத்தம் 1,62,000 ரூபாய். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 13,500. அதாவது, இந்தக் குடும்பத்தின் வருமானம் 40,000 என்று நினைத்துக்கொண்டிருந்தால் அது தவறு. மாதச் செலவுக்கு அவர்களிடம் இருப்பது 26,500தான். மீதி 13,500 ஏற்கெனவே யாருக்கோ சேர வேண்டிய பணம். கேட்டு வரும் தேதி மட்டும்தான் தள்ளி இருக்கிறது. இந்தக் கணக்கைப் பார்த்த நாளில் பலருக்கு ஒரு விஷயம் விளங்கும். 'பணம் எங்கே போகிறது என்றே தெரியவில்லை' என்று சொல்லிக்கொண்டிருந்தது ஊதாரித்தனத்தால் அல்ல, இந்தப் பட்டியல் இல்லாததால்.

பட்டியல் போட்டதும் அந்த 13,500ஐத் தனியாகப் பிரிக்க வேண்டும். இதற்கென்று வேறொரு சேமிப்புக் கணக்கு வையுங்கள். அதில் யுபிஐ இணைக்க வேண்டாம், ஏடிஎம் கார்டு கையில் இருக்க வேண்டாம். சம்பளம் வந்த மறுநாள் தானாகவே பணம் அதற்கு மாறும்படி வங்கியில் சொல்லி வைக்கலாம். பெரிய செலவுகளுக்கு, மாதாமாதம் ஒரே தொகை கட்டும் வங்கித் தொடர்வைப்பு (ஆர்.டி.) நன்றாகப் பொருந்தும்: மே மாதம் முதிர்கிற மாதிரி ஒன்று பள்ளிக்கு, செப்டம்பரில் முதிர்கிற மாதிரி ஒன்று தீபாவளிக்கு. தபால் அலுவலகத் தொடர்வைப்பு ஐந்து வருஷத் திட்டம் என்பதால் இந்த வேலைக்கு அது சரிப்படாது. வங்கியில் ஒரு வருஷத்துக்கே போடலாம்.

முதல் வருஷம் எல்லாவற்றுக்கும் பணம் சேராது. அடுத்து வருகிற பெரிய செலவு எதுவோ அதற்கு மட்டும் சேருங்கள். தீபாவளியைக் கடன் இல்லாமல் கடந்துவிட்டால், அதற்கு வாங்கும் கடனுக்காக ஒவ்வொரு வருஷமும் கட்டிய தவணை பள்ளிக் கட்டணப் பக்கம் திரும்பும்.

மொய்யைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கடந்த மூன்று வருஷம் செய்ததைக் கூட்டிச் சராசரி எடுங்கள். பிறகு மொய் நோட்டைப் புரட்டி, திருப்பிச் செய்ய வேண்டிய பெரிய தொகைகளை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி மாதம் மொய் விருந்து வைத்து லட்சக்கணக்கில் பணம் திரட்டுவார்கள். அந்தப் பணத்தில் கடை வைத்தவர்கள், நிலம் வாங்கியவர்கள் உண்டு. வட்டியில்லாத நல்ல ஏற்பாடுதான். ஆனால் வாங்கியவர் அத்தனை பேருக்கும் அவரவர் முறை வரும்போது செய்தாக வேண்டும், பெரும்பாலும் கொஞ்சம் கூட்டி. ஆகவே உங்கள் வீட்டு விசேஷத்தில் வந்த மொய்யை வருமானப் பக்கம் எழுதாதீர்கள். அதன் இடம் கடன் பக்கம்.

மூன்றாம் படி: கடனை ஒரே அளவுகோலில் அளப்பது

எல்லாக் கடனையும் ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: யாரிடம், இன்னும் எவ்வளவு பாக்கி, என்ன வட்டி, எப்போது முடியும், எதை ஈடு வைத்திருக்கிறோம். இதில் வட்டியை எழுதும் இடத்தில்தான் எல்லோரும் குழம்புகிறார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்வார்கள். எல்லாவற்றையும் ஆண்டு வட்டியாக மாற்றினால்தான் எது கொள்ளை என்று தெரியும்.

ஊரில் 'இரண்டு வட்டி' என்றால் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய், ஆண்டுக்கு 24 சதவீதம். 'மூணு வட்டி' 36 சதவீதம். கிரெடிட் கார்டில் முழுத் தொகையையும் கட்டாமல் 'குறைந்தபட்சத் தொகை' மட்டும் கட்டிவந்தால், பாக்கிக்கு மாதம் மூன்றரை சதவீதம் அளவில் வட்டி ஏறும். ஊர்ப் பேச்சில் அது மூன்றரை வட்டி. குளிர்சாதன அறையில் உட்கார்ந்து வாங்கினாலும் அது ஆண்டுக்கு 42 சதவீதம்தான்.

தண்டலைப் பாருங்கள். 10,000 ரூபாய்க் கடன் என்று சொல்லி 9,000 கையில் கொடுப்பார்கள். தினம் 100 ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். ஆயிரம் ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் வாங்கிய 9,000 நூறு நாளும் நம்மிடம் இருப்பதில்லை, முதல் நாளிலிருந்தே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். கணக்குப் போட்டால் ஆண்டு வட்டி 75 சதவீதத்தைத் தாண்டுகிறது.

இதே மறைப்பு தவணைக் கடனிலும் உண்டு. '12 சதவீதம் பிளாட்' என்று ஒரு லட்சம் இரண்டு வருஷத்துக்குக் கொடுத்தால் வட்டி 24,000. மொத்தம் 1,24,000ஐ 24 தவணையாகப் பிரித்து மாதம் 5,167 வாங்குவார்கள். அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே போகிறது, வட்டி மட்டும் முழு லட்சத்துக்கும் கடைசி வரை போடப்படுகிறது. உண்மையான வட்டி 21.6 சதவீதம். வண்டிக் கடன், வீட்டுப் பொருள் கடன் வாங்கும்போது 'பிளாட்டா, குறையும் இருப்பிலா (மீதமுள்ள அசலுக்கு மட்டும் வட்டியா)?' என்று கேளுங்கள். 2024 அக்டோபர் 1 முதல் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தனிநபர்களுக்குப் புதிதாகக் கொடுக்கும் கடன்களுக்கு 'முக்கிய விவர அறிக்கை' கொடுத்தாக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. கட்டணங்கள் எல்லாம் சேர்ந்த ஆண்டு வட்டி அதில் இருக்கும். வாங்குபவருக்குப் புரிகிற மொழியில் அது இருக்க வேண்டும், எனவே தமிழில் கேளுங்கள். கையெழுத்துப் போடும் முன் அந்த ஒரு எண்ணைப் பாருங்கள்.

இனி அடைக்கும் வரிசை. எல்லாவற்றுக்கும் கட்ட வேண்டியதைக் கட்டிவிட்டு, மிச்சப்படும் ஒவ்வொரு ரூபாயையும் ஆண்டு வட்டி எதில் அதிகமோ அதில் போடுங்கள். சின்னக் கடனை முதலில் அடைத்தால் மனதுக்கு நிம்மதி என்று சொல்வார்கள். வித்தியாசம் சில ஆயிரம்தான் என்றால் அப்படிச் செய்யலாம், மூணு வட்டிக் கடன் பக்கத்தில் நிற்கும்போது செய்யக் கூடாது. இதற்கு ஒரே விலக்கு, ஏலத்துக்கு வரப்போகிற நகை.

வீட்டில் நகை இருந்தும் மூணு வட்டிக் கடன் ஓடிக்கொண்டிருந்தால், நகையை வங்கியில் வைத்து அந்தக் கடனை முடித்துவிடுங்கள். வங்கி நகைக் கடன் வட்டி ஆண்டுக்கு 10 சதவீதத்தைச் சுற்றி இருக்கும். ஆனால் வட்டியை மட்டும் கட்டி வருஷாவருஷம் மறுஅடகு வைப்பது கண்ணுக்குத் தெரியாமல் நகையைத் தின்றுவிடும். வைத்த நாளிலேயே மீட்கும் மாதத்தை எழுதி, அசலில் மாதாமாதம் கொஞ்சம் கட்டிக்கொண்டு வாருங்கள்.

மகளிர் குழுக் கடன், வாரக் கடன் வாங்கியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: 2022ல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த நுண்கடன் விதிகளின்படி, குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி நிறுவனங்கள் கடன் கொடுக்கக் கூடாது. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பிறகோ வசூலுக்கு வந்து நிற்கக் கூடாது. மிரட்டலும் கந்துவட்டியும் என்றால் 2003ம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுக்கலாம். அவமானத்துக்குப் பயந்து வாய்மூடி இருப்பவர்களிடம்தான் மிரட்டல் பலிக்கிறது. கடன் வாங்கியது குற்றமல்ல.

ஜாமீன் கையெழுத்து? நண்பர் கட்டாவிட்டால் நான் கட்டத் தயார், கட்டவும் முடியும் என்றால் மட்டும் போடுங்கள். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ம் பிரிவுப்படி, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கு உண்டு. 'சும்மா ஒரு கையெழுத்து' என்று ஒன்று கிடையாது.

நான்காம் படி: சீட்டு

சீட்டே ஏமாற்று என்று சொல்பவர்களோடு நான் உடன்படுவதில்லை. வங்கி எட்டிப் பார்க்காத இடங்களில் ஏலச்சீட்டுதான் எத்தனையோ குடும்பங்களுக்குக் கைகொடுத்திருக்கிறது. எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டு சேர வேண்டும், அவ்வளவுதான்.

இருபது பேர், ஆளுக்கு மாதம் 5,000, ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு. இரண்டாவது மாத ஏலத்தில் ஒருவர் 25,000 தள்ளி (அதாவது விட்டுக்கொடுத்து) எடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் கைக்கு 75,000 வரும். தள்ளிய 25,000இல் 5,000 நடத்துபவரின் கமிஷன், மீதி 20,000 இருபது பேருக்கும் ஆளுக்கு 1,000. முன்னால் எடுப்பவர் கடன் வாங்குகிறார், கடைசியில் எடுப்பவர் சேமிக்கிறார். சேமிக்க என்று சேர்ந்துவிட்டு, மூன்றாவது மாதம் டிவி வாங்குவதற்குத் தள்ளி எடுப்பது கூடாது. அது விலை உயர்ந்த கடன்.

1982ம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி சீட்டைப் பதிவு செய்ய வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு கமிஷனுக்கு உச்சவரம்பு 7 சதவீதம். பதிவு செய்த சீட்டில் நடத்துபவர் சீட்டுத் தொகைக்கு ஈடாக வைப்பு வைக்க வேண்டும். பதிவு எண்ணும் ஒப்பந்தப் பிரதியும் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் சேராதீர்கள். தெருவில் நடத்தும் தீபாவளிச் சீட்டுக்கு நடத்துபவரின் நாணயம் மட்டுமே பொறுப்பு. அதில் தொகையைச் சின்னதாக வையுங்கள், போனால் தாங்கும் அளவுக்கு.

நகைக்கடையின் 11 மாதச் சீட்டு நகை வாங்கியே ஆக வேண்டியவர்களுக்குச் சரி. சேமிப்பாக அதை எண்ண வேண்டாம்: செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜிஎஸ்டி எதுவும் விற்கும்போது திரும்பி வராது. கடை மூடிப்போனால் காப்பீடும் இல்லை. வங்கியில் என்றால் ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்பீடு உண்டு, 2020 பிப்ரவரியிலிருந்து.

ஐந்தாம் படி: விழுந்தால் தாங்குவதற்கு

மூன்று மாதச் செலவை அவசரப் பணமாக வைத்துக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டுக் குடும்பத்துக்கு அது ஏறக்குறைய 80,000. பெரிய தொகையாகத் தெரிந்தால் முதலில் 10,000 சேருங்கள். ராத்திரி ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது அந்தப் பத்தாயிரம் ஒரு மூணு வட்டிக் கடனைத் தடுக்கும்.

பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டுக்கு வருஷம் 436 ரூபாய், 18 முதல் 50 வயதுக்குள் சேரலாம்; எந்தக் காரணத்தால் இறந்தாலும் குடும்பத்துக்கு 2 லட்சம். சுரக்‌ஷா விபத்துக் காப்பீட்டுக்கு வருஷம் 20 ரூபாய், விபத்து மரணத்துக்கு 2 லட்சம். இரண்டும் மே கடைசியில் கணக்கிலிருந்து தானாகக் கழியும், அப்போது கணக்கில் பணம் இருக்கட்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் சேரலாம். வருமானம் அதற்கு மேல் என்றால், கம்பெனி தரும் காப்பீட்டை மட்டும் நம்பாமல் குடும்பத்துக்கென ஒரு மருத்துவக் காப்பீடு எடுங்கள். வேலை போனால் கம்பெனிக் காப்பீடும் போய்விடும்.

ஆயுள் காப்பீட்டில் என் கருத்து திடமானது. வீட்டுக்கு வருமானம் கொண்டுவருபவர் டெர்ம் பாலிசி (பாலிசிக் காலத்துக்குள் இறந்தால் மட்டும் பணம் தருவது) எடுக்க வேண்டும், ஆண்டு வருமானத்தைப் போல் பத்து மடங்காவது. 'கட்டிய பணம் திரும்ப வராதே' என்பார்கள். வண்டி இன்சூரன்ஸும் திரும்ப வருவதில்லை. பணம் திரும்பத் தரும் பாலிசியில் மாதம் 2,000 கட்டிவிட்டு, ஆள் போனால் குடும்பத்துக்கு மூன்று லட்சம்தான் என்றால் அந்தக் குடும்பம் அதை வைத்து எத்தனை மாதம் ஓட்டும்?

ஆறாம் படி: மிச்சத்தை வளர்ப்பது

மூணு வட்டியும் கார்டு பாக்கியும் தீரும்வரை இந்தப் பக்கமே வர வேண்டாம். 36 சதவீதக் கடனை அடைப்பதற்கு ஈடான முதலீடு எதுவும் இல்லை.

அதன் பிறகு தேவைப்படும் காலத்தை வைத்து முடிவெடுங்கள். மூன்று வருஷத்துக்குள் வேண்டிய பணம் வங்கி வைப்பில் இருக்கட்டும். பெண் குழந்தைக்குப் பத்து வயது ஆவதற்குள் தபால் அலுவலகத்திலோ வங்கியிலோ செல்வமகள் சேமிப்புக் கணக்கு தொடங்கலாம். வருஷத்துக்குக் குறைந்தது 250, அதிகபட்சம் ஒன்றரை லட்சம். பதினைந்து வருஷம் கட்டினால் போதும், கணக்கு தொடங்கி 21 வருஷத்தில் முதிரும். பொது வருங்கால வைப்பு நிதி எல்லோருக்கும் உண்டு, பதினைந்து வருஷம். பத்து வருஷத்துக்கு மேல் தொட வேண்டாத பணம் இருந்தால் மட்டும் பங்குச்சந்தைக் குறியீட்டை அப்படியே பின்தொடரும் மியூச்சுவல் ஃபண்டில் (இண்டெக்ஸ் ஃபண்ட்) மாதாமாதம் போடலாம். 2020ல் சில வாரங்களிலேயே நிஃப்டி என்கிற பங்குச்சந்தைக் குறியீடு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது, பிறகு ஏறியது. அந்தச் சரிவில் பயந்து எடுக்க வேண்டிய நிலையில் இருப்பவர்கள் அதில் போடக் கூடாது. 'மாதம் நிச்சயம் ஐந்து சதவீதம்' என்று யார் சொன்னாலும், சொந்த மச்சானே சொன்னாலும், விலகிவிடுங்கள். ஆன்லைனில் ஏமாந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணத்தை முடக்க வாய்ப்பு அதிகம்.

ஏழாம் படி: ஒரு கோப்பு

வங்கிக் கணக்குகள், பாலிசிகள், பிஎஃப் எண், நகைக் கடன் ரசீதுகள், சீட்டுப் பாஸ்புக், யார் நமக்குத் தர வேண்டும், நாம் யாருக்குத் தர வேண்டும் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்து, அது இருக்கும் இடத்தைக் கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளை மூவருக்கும் சொல்லிவையுங்கள். ரகசிய எண்களை அதில் எழுத வேண்டாம்.

பிறகு ஒவ்வொரு கணக்கிலும் வாரிசு நியமனத்தைச் சரிபாருங்கள். கல்யாணத்துக்கு முன் தொடங்கிய கணக்கில் இன்னும் அம்மா பெயரோ, இறந்துபோன அப்பா பெயரோ இருக்கலாம். பிஎஃப் கணக்கில் இது மிகவும் முக்கியம்; பணியில் இருக்கும்போது இறந்தவரின் குடும்பத்துக்கு அதனோடு சேர்ந்த காப்பீட்டில் 7 லட்சம் வரை கிடைக்கும், அதைப் பற்றித் தெரியாமலேயே விட்ட குடும்பங்கள் உண்டு. 2025 நவம்பர் முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம். தாத்தா, பாட்டி, பெற்றோர் பெயரில் மறந்துபோன வங்கிக் கணக்கு எங்காவது இருக்கும் என்று தோன்றினால் ரிசர்வ் வங்கியின் உத்கம் இணையதளத்தில் பெயரையும் பான் எண் அல்லது பிறந்த தேதி போன்ற ஓர் அடையாளத்தையும் கொடுத்துத் தேடலாம். பத்து வருஷம் கேட்பாரற்றுக் கிடந்த வைப்புகள் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போனாலும் வாரிசுகளின் உரிமை போவதில்லை. கணக்கு இருந்த கிளையில் இறப்புச் சான்றிதழோடு விண்ணப்பித்தால் வட்டியோடு திரும்பப் பெறலாம்.